முயல் மீனும் ஒட்டியும்

நேயர்களுக்கு வணக்கம். போன பள்ளிக்கூட விடுமுறையில் குடும்பமாக ஒரு மீன்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். நம்முடைய கடலில் உள்ள உயிர்களை மட்டும் கண்ணாடித் தொட்டிகளில் வைத்திருந்த சின்ன இடம். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

நான், கணவர், பிள்ளைகள் இருவர், அப்புறம் மாமா. மாமா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். கம்பு நட்டுக் கட்டும் களங்கட்டி வலை, நண்டு வலை என்று நாற்பது வருடம் பண்ணைக் கடலில் நின்றவர். "மீன் பார்க்கவும் காசோ?" என்று வாசலில் முணுமுணுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முதல் தொட்டியில் புள்ளி விழுந்த மீன்கள் நாலைந்து பாசியைக் கொறித்துக்கொண்டு நின்றன. 'முயல் மீன்' என்று மகள் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். மாமா குனிந்து பார்த்தார். "இது ஒட்டியெல்லோ பிள்ளை! முதுகு முள்ளு குத்தினால் விஷம், கடுத்துத் தள்ளும். கூழுக்குப் போட்டால் அந்த மாதிரி." பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நம் வீட்டுச் சட்டிக்குள் இத்தனை நாள் கிடந்த மீனுக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கே அந்நியமாக இருந்தது.

அதற்குப் பிறகு பலகையை யாரும் பார்க்கவில்லை. நண்டுத் தொட்டியில் இரண்டு நண்டுகள், ஒன்று நல்ல நீலம், மற்றது மண் நிறம். இரண்டும் வேறு வேறு இனம் என்று மகன் நினைத்துவிட்டான். "இல்லையப்பு, நீலம் ஆண், மற்றது பெண். வயிற்று மூடியைப் பார், ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம்" என்றார் மாமா. கண்ணாடியில் ஏறிய நண்டு, கேட்டது போல வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது.

நான் அதிக நேரம் நின்றது கடற்குதிரைக்கு முன்னால்தான். சாதாழை என்ற கடற்புல்லின் இலை ஒன்றில் வாலைச் சுற்றிக்கொண்டு, விரல் நீளம்கூட இல்லாத உடம்பு நீரோடு ஆடியது. ஒன்றுக்கு வயிறு உப்பியிருந்தது. ஆண்தான் பையில் முட்டையைச் சுமக்கும் என்று சொன்னதும் என் கணவர் மெல்ல அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டார். இந்தச் சாதாழை இல்லாவிட்டால் நம் களப்பில் கடற்குதிரையும் இல்லை, ஒட்டியும் இல்லை. கரையில் ஒதுங்கினால் குப்பை என்கிறோம்.

அங்கு வேலைசெய்த தம்பி ஒருவர் கொப்பியோடு மாமாவின் பின்னால் வரத் தொடங்கினார். சொல்லச் சொல்ல எழுதினார். "நாங்கள் கொழும்பில் அடித்த பலகை ஐயா, மாற்றுவம்" என்றார். சரி, மாற்றட்டும்.

கடைசித் தொட்டியில் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது ஒன்று. பலகையில் 'கடலட்டை' என்றே, ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தது. மாமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஓம், இது சீனாவுக்குப் போகுதெல்லோ. பேர் பிழைக்காது" என்றார்.