விக்கிப்பீடியாவில் இயற்கை, காலநிலை பற்றி எழுத நிபுணராக இருக்க வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: "பறவைகள், மரங்கள், காலநிலை மாற்றம் இதிலெல்லாம் எனக்கு ஆர்வம் உண்டு. விக்கிப்பீடியாவில் தன்னார்வலராக எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நான் இந்தத் துறையில் படித்தவன் இல்லை. எழுதினாலும் யாராவது வந்து அழித்துவிடுவார்கள் என்கிறார்கள். இது எனக்குச் சரிப்பட்டு வருமா?"

தாராளமாக வரும். 2001இல் தொடங்கிய நாளிலிருந்து விக்கிப்பீடியா யாரிடமும் பட்டச் சான்றிதழ் கேட்டதில்லை. பேராசிரியர் எழுதினாலும் நீங்கள் எழுதினாலும் வருகிற கேள்வி ஒன்றுதான்: இதற்குச் சான்று எங்கே? நம்பகமான இடத்தில் ஏற்கெனவே வெளியானதைப் படித்து, புரிந்துகொண்டு, சொந்த நடையில் சுருக்கி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். "கடல் மட்டம் பயங்கரமாக உயர்ந்து வருகிறது, விரைவில் கரையோர நகரங்கள் எல்லாம் மூழ்கிவிடும்" என்று ஒரு கட்டுரையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் 'பயங்கரமாக' என்றால் எவ்வளவு? 'விரைவில்' என்றால் எப்போது? ஐ.பி.சி.சி. என்கிறார்களே, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளின் குழு, அதன் 2021 அறிக்கையைத் திறந்தால் விடை இருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் என்றிருந்த வேகம், 2006-2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. இந்த எண்களை வைத்து வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். 'பயங்கரம்' போய்விடும், ஆனால் படிப்பவருக்கு நிலைமை இன்னும் உறைக்கும். அப்புறம், சான்றில் "ஐ.பி.சி.சி. அறிக்கை" என்று மொட்டையாகப் போட்டுவிடாதீர்கள். அந்த அறிக்கை இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும். அத்தியாயம், பக்க எண் தந்தால்தான் அடுத்து வருபவர் சரிபார்க்க முடியும்.

காலநிலைக் கட்டுரைகளில் 'தற்போது' என்று எழுதவே எழுதாதீர்கள். "வளிமண்டலத்தில் கரியமில வாயு தற்போது 400 பிபிஎம்" (அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு) என்ற வரி, ஹவாயில் உள்ள மௌனா லோவா ஆய்வகத்தின் ஆண்டுச் சராசரி முதல்முறை 400ஐத் தாண்டிய 2015இல் சரிதான். அதே சராசரி 2024இல் 424ஐத் தாண்டிவிட்டது. ஆண்டைப் போட்டு எழுதியிருந்தால் பழைய வரியும் பொய்யாகாது. எண்கள் பழசாகிக் கிடக்கும் பக்கங்கள் எக்கச்சக்கம். புதியவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரை தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் மனம் நொந்து போகிறார்கள்.

இயற்கை ஆர்வலர்களுக்கு நிஜமாகவே கசக்கிற விதி ஒன்று உண்டு. நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுத முடியாது. "இந்தப் பறவை இங்கே கூடு கட்டுவதை நான் பார்த்தேன்" என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், வெளியான சான்று இல்லையென்றால் நிற்காது. அந்தப் பதிவு, பார்த்த உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவு செய்யும் ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களுக்குப் போக வேண்டியது, அங்கே அதற்கு மதிப்பும் அதிகம். உங்கள் படங்களை மட்டும் விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் தாராளமாக ஏற்றலாம், ஏராளமான உயிரினப் பக்கங்கள் படமே இல்லாமல் இருக்கின்றன. அரிய செடி, கூடு என்றால் படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். பிடுங்கிக்கொண்டு போகிறவர்களும் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள்.

நடுநிலை என்ற பெயரில் இன்னொரு குழப்பம் வரும். "இரண்டு தரப்பையும் சமமாகப் போட வேண்டாமா?" என்று, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே இருக்கும் உரையாடல் பக்கத்தில் யாராவது கேட்பார்கள். வேண்டாம். நம்பகமான சான்றுகளில் ஒரு கருத்துக்கு எவ்வளவு எடை இருக்கிறதோ, கட்டுரையிலும் அவ்வளவு இடம்தான். புவி வெப்பமாவதற்கு மனிதச் செயல்பாடே காரணம் என்பதில் ஐயமில்லை என்று அதே 2021 அறிக்கை சொல்லிவிட்டது. அதை மறுக்கும் ஒரு காணொளியை எதிர்த்தரப்பு என்று பாதிப் பக்கத்துக்கு விரிப்பது நடுநிலை ஆகாது. இது நம் தரப்புக்கும் பொருந்தும். 2024ஆம் ஆண்டு தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி சூடாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்ததும், "பாரிஸ் ஒப்பந்த வரம்பு முறிந்தது" என்று எழுதக் கை பரபரக்கும். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற பாரிஸ் இலக்கு பல ஆண்டுச் சராசரியைப் பற்றியது. ஓர் ஆண்டை வைத்து அப்படி எழுத முடியாது.

அழித்துவிடுவார்களா என்றால், ஆமாம், சில சமயம் அழிப்பார்கள். ஆனால் கட்டுரையையே முழுதாக நீக்கினால் தவிர, பெரும்பாலும் எதுவும் காணாமல் போகாது. 'வரலாறு' என்பதைச் சொடுக்கினால் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கும், நீக்கியவர் காரணம் எழுதியிருந்தால் அதுவும் இருக்கும். பெரும்பாலும் "சான்று இல்லை" என்றுதான் இருக்கும். சான்றோடு திரும்பப் போடுங்கள். அப்போதும் எடுத்தால் மறுபடி மறுபடி போட்டு மல்லுக்கட்டாமல் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது பிறர் மாற்றியதைப் பழையபடி ஆக்கினால், கணக்கையே தடை செய்துவிடலாம், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் சரி.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கணக்கே கிடையாது. நன்றாகத் தெரிந்த ஓர் உயிரினத்தின் பக்கத்தை, மாற்றங்களைக் காட்டும் உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு, யாராவது மாற்றும்போது மட்டும் எட்டிப் பார்த்தாலும் அது தொண்டுதான். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.