நீச்சலுடையை அளந்த டேப்

[திரையில்: 1922-ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்]

வணக்கம். இந்தப் படம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பொதுமக்கள் குளிக்கும் ஒரு கரையில் எடுத்தது. நீச்சலுடையில் ஒரு பெண் நிற்கிறார். அவர் முன் குனிந்திருப்பவர் பில் நார்ட்டன் என்ற காவலர். அந்தப் பெண்ணின் முழங்காலுக்கும் உடையின் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளக்கிறார். 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு.

நீச்சலுடை சுருங்கிய கதையைச் சொல்லும் பலரும் துணியைப் பற்றியே பேசிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த டேப் யார் கையில் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

[காட்சி: சிசிலித் தீவின் மொசைக் தரை]

உடை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது என்பதும் சரியில்லை. இத்தாலியின் சிசிலியில், 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்றின் தரையைப் பாருங்கள். மார்புக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு துணி. அவ்வளவுதான் உடை. அந்தப் பெண்கள் ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், வட்டு எறிகிறார்கள்.

அப்புறம் 1900-களின் தொடக்கத்துக்கு வருவோம். அப்போது அமெரிக்கப் பெண்கள் கம்பளித் துணியில் தைத்த கவுனும் காலுறையும் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினார்கள். நனைந்தால் உடையே ஆளை இழுக்கும். அதை மாற்றப் போராடியவர் ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மேன். சிறுவயதில் கால் பலவீனத்துக்காக நீச்சல் பழகியவர். உடலோடு ஒட்டிய, ஒரே துண்டான உடையில் நீந்தினார். 1907-இல் பாஸ்டன் அருகே ரெவியர் கடற்கரையில் அதற்காகவே தன்னைக் கைது செய்தார்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். நீந்துகிறவருக்கு நீந்த முடிகிற உடை வேண்டும், இதைவிட நியாயமான கோரிக்கை என்ன இருக்க முடியும்?

[காட்சி: பாரிஸ், மோலிட்டோர் நீச்சல் குளம்]

இரண்டு துண்டு நீச்சலுடை 1930-களிலேயே வந்துவிட்டது. ஆனால் தொப்புள் மட்டும் வெளியே தெரியாது. இரண்டாம் உலகப் போரில் துணித் தட்டுப்பாடு வந்ததும், பெண்களின் நீச்சலுடைக்கான துணியை 10 சதவீதம் குறைக்கச் சொன்னது அமெரிக்க அரசு. ஒழுக்கம் பேசி டேப் வைத்து அளந்த அதே நாடுதான்!

போர் முடிந்தது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜாக் ஹைம், ‘அணு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறிய உடையைக் கொண்டுவந்தார். லூயி ரேஆர் அதையும்விடச் சிறிதாக ஒன்றைத் தைத்தார். இவர் படித்தது பொறியியல், நடத்தியது அம்மாவின் உள்ளாடைக் கடை. அதைப் போட்டுக்காட்ட மாடல்கள் யாரும் முன்வரவில்லை. கடைசியில் கசினோ டி பாரி அரங்கின் நடனக் கலைஞர் மிஷலின் பெர்னார்டினி 1946 ஜூலை 5 அன்று அந்த உடையில் வந்து நின்றார். செய்தித்தாள் அச்சிட்ட மாதிரியான துணி. கையில் ஒரு தீப்பெட்டி, முழு உடையும் அதற்குள் அடங்கிவிடும் என்று காட்ட.

[காட்சி: பசிபிக் கடல், மார்ஷல் தீவுகள்]

அதற்கு நான்கு நாள் முன்புதான் பிகினி என்ற பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தது. உலகமே உச்சரித்த அந்தப் பெயரை ரேஆர் தன் உடைக்கு வைத்துக்கொண்டார். அங்கே வாழ்ந்த 167 பேரையும் அந்த மார்ச் மாதமே வேறு தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். 1958 வரை அங்கே 23 குண்டுகள் வெடித்தன. 1970-களில் சில குடும்பங்கள் திரும்பிப் போயின. கதிர்வீச்சு உடலில் ஏறியது தெரிந்ததும் 1978-இல் மறுபடி வெளியேற வேண்டியதாயிற்று. கடைகளில் அந்தப் பெயர் தொங்குகிறது, ஊர்க்காரர்களுக்கு ஊர் இல்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

[காட்சி: கடற்கரைகளின் தொகுப்பு]

1951-இல் லண்டனில் முதல் உலக அழகிக்குப் பிகினியில் முடிசூட்டினார்கள். எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டே அந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. 1953-இல் பிரான்சின் கான் கடற்கரையில் பிரிஜித் பார்தோ பிகினியில் நின்ற படங்கள் உலகைச் சுற்றின. 1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கடற்கரையில் நிர்வாணமாக இருப்பதைத் தடை செய்தது. அதற்குப் பதிலடியாக, சட்டம் கேட்ட அளவுக்கு மட்டும் மூடும் ‘தாங்’ உடையை வடிவமைத்தார் ரூடி கெர்ன்ரைக்.

2016-இல் அதே கான் நகரம் எதைத் தடை செய்தது தெரியுமா? உடலை முழுக்க மூடும் புர்க்கினியை! அப்போது பிரான்சின் பல ஊர்களில் இதே தடை. ஆகஸ்டில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், வேறோர் ஊர் போட்ட அப்படிப்பட்ட தடையை நிறுத்தி வைத்தது. குறைவாகப் போட்டாலும் குற்றம், நிறையப் போட்டாலும் குற்றம்.

[காட்சி: கடற்கரை ஹேண்ட்பால் ஆட்டம்]

2021 ஜூலை, பல்கேரியா. கையால் பந்தை எறிந்து கோல் போடும் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வே பெண்கள் அணி அரைக்கால் சட்டை போட்டு ஆடியது. அபராதம் 1,500 யூரோ. ஏனென்றால் பெண்கள் பிகினிதான் அணிய வேண்டும், அதன் பக்கவாட்டு அகலம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி. ஆண்களுக்கு அரைக்கால் சட்டை! எதிர்ப்பு உலகம் முழுக்க எழுந்ததும், அந்த ஆண்டே சர்வதேச ஹேண்ட்பால் சம்மேளனம் விதியை மாற்றியது. இப்போது பெண்களும் அரைக்கால் சட்டை போடலாம். ஆனால் அது உடலை ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று புதிய விதியில் எழுதினார்கள். ஆண்களுக்கோ ரொம்பத் தொளதொளவென்று இல்லாமல் இருந்தால் போதும். அந்த ‘இறுக்கமாக’ என்பதையும் அடித்துவிட வேண்டும்.