இருபது ஜூலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

[திரையில்: காகித இலக்கு. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

வணக்கமுங்க. கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கியில், பத்து மதிப்பெண் அதற்குத்தான். குறுக்களவு அரை மில்லிமீட்டர். கேழ்வரகைவிடச் சின்னது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் இந்தியாவுக்கு மூன்று வெண்கலம் கிடைத்தது. அப்புறம் ஈரோடு, கோயம்புத்தூர்ப் பக்கம் அப்பாமார்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பையனுக்குத் துப்பாக்கி வாங்கினாக் கேசாயிருமுங்களா?"

ஏர் ரைஃபிள் என்றால் ஆகாது. 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் .177 அங்குலத்துக்குள்ளும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்றைக் கொடுத்து வாங்கி வரலாம்.

[திரையில்: .22 ரைஃபிள், பக்கத்தில் தோட்டாப் பெட்டி.]

அதே பையன் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிளோடு 50 மீட்டர் போட்டிக்குப் போனால் 1959 ஆயுதச் சட்டம் வந்துவிடும். 12 வயதிலிருந்து பயிற்சி எடுக்கலாம். சொந்த லைசென்ஸுக்குப் பொதுவாக 21 ஆக வேண்டும். கோவை, திருப்பூர், சேலம் மாநகரத்துக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனரிடம், வெளியே இருந்தால் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு .22 கேட்டால், வேறு தடை இல்லாதவரை லைசென்ஸ் கொடுத்தாக வேண்டும் என்று 13-ம் பிரிவு சொல்கிறது. பயிர்க்காவலுக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கிற விவசாயியும் அதே பிரிவில்தான் வருகிறார். காட்டோரத்துத் தாளவாடிக்காரருக்கு அது புரியும். ஆக, சட்டத்தை எழுதியவர்கள் எங்களைச் சந்தேகப்படவில்லை.

என் விண்ணப்பத்துக்கு விசாரிக்க வந்த ஏட்டய்யா திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார். "ஏனுங் தம்பி, ஆருகூடயாச்சும் காட்டுத் தகராறுங்களா?" என்றார். இல்லையென்று ஸ்கோர் ஷீட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுருக்கு ஆபத்துன்னு எழுதியிருந்தீங்கன்னாச் சட்டுனு புரிஞ்சிருக்குமுங்க." அவர் பார்த்த விண்ணப்பமெல்லாம் அந்த வகை போல.

போலீஸ் அறிக்கை குறித்த காலத்துக்குள் வராவிட்டால், அதற்குக் காத்திராமலே முடிவெடுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. எடுத்தால்தானே!

[திரையில்: ரைஃபிளின் கன்னப் பலகையைத் திருகும் விரல்கள்.]

அதுவரை கிளப் ரைஃபிள்தான். எனக்கு முன்னால் சுட்டவர் என்னைவிட அரையடி உயரம். பட்டையின் நீளம், சுடும்போது கன்னத்தைச் சாய்க்கும் கன்னப் பலகையின் உயரம் எல்லாவற்றையும் எனக்காகத் திருகி முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். மறுநாள் அவர் வந்து திரும்பத் திருகுவார்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானது, லைசென்ஸின் ஆயுள் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டானது. சர்வதேசப் பதக்கக்காரர்களுக்கும் பெயரெடுத்த வீரர்களுக்கும் எண்ணிக்கையில் விலக்கு உண்டு. 2020-ல் வீரர்களுக்கான .22 தோட்டா வரம்பும் வருடத்துக்கு 1000-லிருந்து 5000 ஆனது. ஒரு போட்டிக்கு 60 தோட்டா. ஆயிரம் என்றால் பதினாறு போட்டிக்குத்தான் வரும், அதுவும் பயிற்சியே இல்லாமல். ஏற்றியது நல்ல காரியம்தான். ஆனால் சலுகை வேண்டுமென்றால் முதலில் ஸ்கோர் காட்ட வேண்டும். ஸ்கோர் வர வேண்டுமென்றால் சொந்த ரைஃபிளும் தோட்டாவும் வேண்டும். நீச்சல் பழகிவிட்டு வா, அப்புறம் கிணற்றில் இறங்கலாம் என்கிற கணக்கு.

[திரையில்: பாலக்காட்டுச் சாலை, வாளையார்.]

லைசென்ஸ் கைக்கு வந்ததும் சந்தோஷத்தில் விட்டுவிடுகிற வரி ஒன்று உண்டு: எந்த எல்லைக்குள் செல்லும் என்பது. அங்கே 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால், கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துப் போட்டிக்கு ரைஃபிளோடு கிளம்பி வாளையாரைத் தாண்டியதுமே நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டாண்டு சிறை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அந்த வரியைப் பார்த்துக்கொள்ளுங்க.