சீருடைக்காரர்களை உட்காரவைத்த அருங்காட்சியகம்

எல்லோருக்கும் வணக்கம். வாஷிங்டன் நகரில் 1993 ஏப்ரலில் திறக்கப்பட்ட, ஹிட்லரின் நாஜி ஜெர்மனி நடத்திய யூத இனப்படுகொலையின் நினைவு அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உள்ளே என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லப்போவதில்லை. போலந்தில் நாஜிகள் நடத்திய மைதானெக் வதைமுகாமில் குவிந்து கிடந்த செருப்புகளையும், யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிப்போன வகை ரயில் பெட்டியையும் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். அங்கே ஆட்களை உட்காரவைத்து நடத்துகிறார்களே நிகழ்ச்சிகள், அவைதான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

உயிர் தப்பியவர்கள் மேடையில் அமர்ந்து தங்கள் கதையைச் சொல்லும் தொடர் ஒன்று 2000 முதல் நடக்கிறது. கூட்டத்தில் இருப்பவர்கள் அவர்களிடமே கேள்வி கேட்கலாம். அன்று பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. இன்னும் எத்தனை காலம் இது நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, நான் சொல்ல வந்தது போலீஸ்காரர்களுக்கான நிகழ்ச்சி. 1998இல் வாஷிங்டன் காவல்துறைத் தலைவராக வந்தவர் சார்லஸ் ராம்சே. பதவிக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே இந்த அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஒரு புகைப்படம். 1933 மார்ச், பெர்லின் தெரு. வழக்கமான போலீஸ்காரர் ஒருவரும் நாஜிப் படையிலிருந்து வந்த துணைக் காவலர் ஒருவரும் சேர்ந்து ரோந்து போகிறார்கள். கூடவே வாய்ப்பூட்டு போட்ட நாய். நாமாக இருந்தால் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். ராம்சேவுக்கு உறுத்தியது. ஊரையே வண்டியில் ஏற்றி அனுப்பியபோது ஊர்க் காவல்துறை என்ன செய்துகொண்டிருந்தது?

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் போலீஸ்காரர்களை ஹிட்லர் கொண்டுவரவில்லை; முந்தைய குடியரசில் வேலை பார்த்தவர்களே தொடர்ந்தார்கள். 1933 பிப்ரவரியில் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் உள்துறைப் பொறுப்பில் இருந்த ஹிட்லரின் கூட்டாளி கோரிங், கட்சிப் படைகளிலிருந்து சுமார் 50,000 பேரைத் துணைப் போலீசாக்கி அவர்களோடு சேர்த்துவிட்டார். 1938 நவம்பரில் யூத வழிபாட்டுக் கூடங்கள் எரிந்த இரவில் தலையிட வேண்டாம் என்று போலீசுக்கு உத்தரவு. தலையிடவில்லை. ஆனால் சுமார் 30,000 யூத ஆண்களைக் கைது செய்யப் போலீசும் போனது.

1999இல் ராம்சேயின் முயற்சியால் பயிற்சி தொடங்கியது. யூத வெறுப்பை எதிர்த்து வேலை செய்யும் ஏ.டி.எல். அமைப்பும் கூட நின்றது. காவலர்கள் முதலில் காட்சிக் கூடத்தைச் சுற்றி வருவார்கள். அப்புறம் உட்கார்ந்து, இந்தப் படத்தில் போலீஸ் என்ன செய்கிறது, எந்த இடத்தில் மறுத்திருக்கலாம் என்று பேசுவார்கள். பேச்சு அப்படியே அவர்களுடைய இன்றைய வேலைக்கு வந்து நிற்கும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் புதிதாகச் சேர்ந்தவர்களும் வந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் பயிற்சியில் லத்தி பிடித்த கை மாறிவிடுமா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் 'உத்தரவு வந்தால் வேறு வழியில்லை' என்ற சாக்கு அங்கே எடுபடாது. 1942 ஜூலை, போலந்தில் யோசெஃபூவ் என்ற ஊர். ஹாம்பர்க்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் போலீஸ் படை, சுமார் 500 பேர். பெரும்பாலும் நடுத்தர வயது, குடும்பஸ்தர்கள். அந்த ஊர் யூதர்களைச் சுட்டுக்கொல்ல உத்தரவு. வயதில் மூத்தவர்களில் அது முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதியே சொன்னார். அப்போது முன்னால் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். மற்றவர்கள் அன்று சுமார் 1,500 யூதர்களைக் கொன்றார்கள். விலகியவர்களை யாரும் சுடவில்லை, சிறையிலும் போடவில்லை.

நீதிபதிகளுக்கும் அந்த அருங்காட்சியகம் தனியாக நிகழ்ச்சி நடத்துகிறது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஆள் ஒருவர் உண்டு: பிராண்டன்பர்க் நகர நீதிபதி லோத்தர் க்ரைஸிக். தன் நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த மனநோயாளிகள் நாஜி அரசின் திட்டப்படி கொல்லப்படுவதை அறிந்து 1940இல் நீதி அமைச்சருக்கு எழுதினார். கொலைத் திட்டத்தை நடத்திய அதிகாரி மீதே கொலைப் புகாரும் கொடுத்தார். தலைவர் ஹிட்லரின் விருப்பமே சட்டம் என்று ஏற்க முடியாதவர் நீதிபதியாக இருக்க முடியாது என்றது அமைச்சகம். 1942இல் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஓய்வூதியத்தோடு. அவர் 1986 வரை வாழ்ந்தார்.