வாசலில் அமீனா வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். நான் நீதிமன்ற அமீனாவாக, அதாவது கோர்ட் உத்தரவுப்படி சம்மன் கொடுக்கவும் கடனுக்காகச் சாமான்களை ஜப்தி செய்யவும் வீட்டுக்கு வரும் ஊழியராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டளை நிறைவேற்றுநர் என்று பதவிக்குப் பெயர் உண்டு. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் ‘அமீனா வந்துட்டார்’ என்ற குரல்தான் கேட்கும். கூடவே ஒரு கதவு சாத்தப்படும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாவின் ஆபரேஷனுக்கோ பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கோ புரோநோட்டு (கடன் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் மனிதர்கள். வாசலில் நின்று அவர்களிடம் விவரமாகப் பேச எனக்கு நேரமும் இருந்ததில்லை, அதற்கான இடமும் அது இல்லை. அதையெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில், வந்திருப்பவர் யார் என்று கேளுங்கள். இப்போதெல்லாம் பைக்கில் இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ‘பணம் வரலேன்னா நாளைக்கு ஜப்தி’ என்று தெருவே கேட்கும்படி சொல்கிறார்கள். எதையும் அடமானம் வைக்காமல் வாங்கிய கடனுக்கு உங்கள் வீட்டுச் சாமானைத் தொட வேண்டுமென்றால் கோர்ட் உத்தரவு வேண்டும். வசூலுக்கு வரும் ஆளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அமீனா வந்தால் கையில் வாரண்டு இருக்கும். அதில் கோர்ட் முத்திரை, வழக்கு எண், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் எல்லாம் இருக்கும். கேட்டால் காட்ட வேண்டும். நிதானமாகப் படித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் தெளிவான விதி போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் பேசித் தொந்தரவு செய்யக் கூடாது. நீங்களும் அந்த நிறுவனமும் பேசி வைத்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களிடம் போய் நிற்பது, பெயரை வெளியே போடுவது எதற்கும் அனுமதி இல்லை. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்கப் போன் எண் 14448.

சரி, உண்மையிலேயே அமீனா வந்துவிட்டார். அப்போதும் அவருக்கு எல்லை இருக்கிறது. 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத்தான் நாங்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறோம். பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் அமீனா வீட்டுக்குள் நுழையக் கூடாது. உடுத்தும் துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை இவற்றை எடுக்கக் கூடாது. தாலி போல மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொடக் கூடாது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளையும், விவசாயிக்குப் பிழைப்புக்குத் தேவையான உழவு மாட்டையும் விதை நெல்லையும் விட்டுவிட வேண்டும். டி.வி., பைக் இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை எடுக்கலாம்.

ஒரு வீடு ஞாபகம் வருகிறது. அந்த அம்மாவுக்குத் தையல்தான் தொழில். கடன் கொடுத்தவர் என்னோடு வந்திருந்தார். கூடத்தில் இருந்த தையல் மிஷினைக் காட்டி, “ஐயா, இந்த வீட்டுல விலை போறது இது ஒண்ணுதான், எழுதுங்க” என்றார். அந்த அம்மா மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அது தொழில் கருவி, ஜப்திப் பட்டியலில் எழுத முடியாது என்று நான் சொன்னதும் கடன் கொடுத்தவருக்கு என் மேல் கோபம். அந்த அம்மாவோ நம்ப முடியாமல், “நெசமாவா அண்ணே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சட்டம் தனக்கும் ஏதோ ஒன்றை விட்டு வைத்திருக்கிறது என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

கதவைப் பூட்டிக்கொள்வதில் மட்டும் பலன் இல்லை. குடியிருப்பவர் கடன் வாங்கியவர்தான், வேண்டுமென்றே உள்ளே விட மறுக்கிறார் என்றால் வெளிக்கதவை உடைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைவிட, எடுக்கப்போகும் பொருள் உங்கள் தம்பியுடையது, வாடகைக்கு வந்தது என்றால் அதை வாயால் சொல்லி, ரசீதையும் காட்டுங்கள். அப்படியும் எடுத்துவிட்டால் பொருளுக்குச் சொந்தக்காரர் கோர்ட்டில் மனு போடலாம்.

ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது ஜப்திக்கு ரொம்ப முன்னால் நடப்பதைப் பற்றி. அமீனா வருவதற்கு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் முன்னாலேயே சம்மன் வந்திருக்கும். ‘அவர் ஊர்ல இல்லேன்னு சொல்லு’ என்று குழந்தையை வாசலுக்கு அனுப்புவார்கள். வாங்க மறுத்தால் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். கோர்ட் அதையே போதும் என்று எடுத்துக்கொள்ள முடியும். கோர்ட் குறித்த வாய்தா நாளுக்கு ஆள் வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. நான் வாரண்டோடு போன ஒரு வீட்டில், வாங்கிய 40,000 ரூபாயில் 15,000-ஐ ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தீர்ப்பில் முழுத் தொகையும் வட்டியும் இருந்தது. அந்த 15,000-ஐப் பற்றிச் சொல்ல அன்றைக்குக் கோர்ட்டில் யாரும் இல்லை.

சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது. 30 நாளில் பதிலுரை போடுங்கள். கடன் உண்மைதான், மொத்தமாகக் கட்ட முடியாது என்றால் அதையும் சொல்லலாம். தீர்ப்பு சொல்லும்போதே நியாயமான காரணம் இருந்தால் நீதிபதி தவணை கொடுக்க முடியும். தீர்ப்பு முடிந்துவிட்டால் தவணைக்குக் கடன் கொடுத்தவர் சம்மதம் வேண்டும். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? 30 நாளுக்குள் ரத்து செய்ய மனு போடுங்கள். அப்படியே விட்டுவிட்டால், பணத்துக்கான தீர்ப்பை 12 வருஷம் வரை நிறைவேற்றலாம்.

அப்புறம் இன்னொன்று. தீர்ப்புக்குப் பிறகு கடன் கொடுத்தவரின் வீட்டுக்கே போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. அவர் பதிவு செய்யவில்லை என்றால் நீங்களே 30 நாளுக்குள் மனு போட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு முறை பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை கோர்ட்டிலேயே கட்டுங்கள்.

‘ஜெயிலில் போட்டுவிடுவார்கள்’ என்று பயந்து ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு. பணத்துக்கான தீர்ப்பில் பெண்களைக் கைது செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆண்களையும், கட்ட வழியில்லாத ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவர் கதை வேறு.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்பீர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போன் எண் 15100. போகும்போது சம்மன், புரோநோட்டின் நகல், பணம் கொடுத்த ரசீது, செல்போனில் அனுப்பியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கதவில் ஒட்டியிருந்த சம்மனைக் கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஊர்ப் பெயரையும் கடன் கொடுத்தவர் பெயரையும் சொன்னால் வழக்கைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. வணக்கம்.