எண்ணாமல் விட்ட வாசல்

(பெங்களூரு அல்சூரில் நடந்த பட்டிமன்றத்தில் ஓர் அணியின் உரை. தலைப்பு: பழைய கால்பந்து மைதானங்களின் கெடுபிடியில்லாத வாசல், ரசிகனுக்குக் கிடைத்த சுதந்திரமா, ரசிகன் உயிர்மேல் காட்டிய அலட்சியமா? இது ‘அலட்சியமே’ அணியின் பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கௌதமபுரத்திலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் பேட்டைக்காரர்கள் முன்னால் நின்று கால்பந்தைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியாது. கணக்கோடுதான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மனம் உருகப் பேசினார். அப்பா மகனைத் தூக்கி டர்ன்ஸ்டைலுக்கு, அதாவது சுழல்கம்பி வாசலுக்கு, மேலே கடத்திவிட்ட காலம் என்றார். வாசல்காரர் கையில் சில்லறையை அழுத்தினால் டிக்கெட் இல்லாமலே உள்ளே போகலாம், கடைசிக் கால் மணி நேரத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள், காசில்லாதவனும் ஆட்டம் பார்த்தான் என்றார். இங்கிலாந்துக் கிழவர்களும் கொல்கத்தாக் கிழவர்களும் இதையேதான் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அந்த நினைவுகளில் ஒன்றைக்கூட நான் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பயன்படுத்திய ஒரு சொல்லை ஏற்க மாட்டேன். ‘காவல் தளர்வாக இருந்தது’ என்றார். நடுவர் அவர்களே, பழைய மைதானங்களில் பூட்டு தளர்ந்திருக்கவில்லை, வேலி தளர்ந்திருக்கவில்லை. தலையை எண்ணுகிற வேலை ஒன்றுதான் தளர்ந்திருந்தது. உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் வெளியே போகிற கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். இதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் அந்த டர்ன்ஸ்டைலைப் பார்ப்போம். ஓர் ஆள் மட்டும் நுழையும் அகலம். உள்ளே ஒருவர் காசை வாங்கிக்கொண்டு, காலால் மிதியை அழுத்துவார். பூட்டு விடுபட்டு, இரும்புக் கரம் ஒரு சுற்றுச் சுற்றும், ஆள் கணக்கு வைக்கும் ‘எண்ணி’ என்ற கருவியில் ஒன்று கூடும். மைதானத்துக்குள் எத்தனை பேர் என்று சொல்லக்கூடிய ஒரே கருவி இதுதான். மகனைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டால் உடம்பு இரண்டு, எண்ணியில் ஒன்று. சில்லறை வாங்கிக்கொண்டு இருவரை ஒரே சுற்றில் நெருக்கி அனுப்பினாலும் அதே கதைதான். 20,000 பேர் நின்று பார்க்கும் பார்வையாளர் மேடையில் பத்துக்கு ஒருவர் இப்படி வந்தால் 2,000 பேர் கணக்கிலேயே இல்லை. அந்த 2,000 பேரும் மேடை முழுக்கச் சமமாகப் பரவி நிற்கமாட்டார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால், நடுவில் போய்த்தான் நிற்பார்கள்.

நெரிசல் என்றதும் ஓடி விழுந்து மிதிபட்டுச் சாவது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற நிலையிலேயே சாகிறார்கள். நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. நம் வீட்டுப் பத்துக்குப் பத்து அறையைவிடச் சற்றே பெரிய இடம் 10 சதுர மீட்டர். அதில் நிற்க இங்கிலாந்தின் விளையாட்டரங்கப் பாதுகாப்புக் கையேடு இன்று அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கை 47. முன்பு 54 என்று இருந்ததைக் குறைத்தார்கள். இதைத் தாண்டி மேலும் நெருங்கினால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தனி மனிதன் எந்தப் பக்கமும் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. பின்னால் இருப்பவனுக்கு முன்னால் ஒருவன் சாவது தெரியாது. அதனால்தான் எண்ணிக்கை உயிர் காரியம் என்கிறேன்.

1946 மார்ச் 9, இங்கிலாந்தின் போல்டன் நகரம், பர்ண்டன் பார்க் மைதானம். போர் முடிந்து ஏங்கிக் கிடந்த ஜனம், எண்பதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். ஒரு பக்க மேடையை உணவுப் பொருள் சேமிக்க அரசு எடுத்து வைத்திருந்ததால் அந்தப் பக்க வாசல்கள் திறக்கவில்லை. கூட்டம் முழுக்க மற்ற வாசல்களில் முட்டியது. இரண்டே முக்காலுக்குச் சற்று முன்பு டர்ன்ஸ்டைல்களை மூடினார்கள். மூடினால் போதுமா? சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே நெரிசலுக்குப் பயந்து, பிள்ளையோடு வெளியேற ஒரு தகப்பன் பூட்டிய கதவைத் திறந்தார். அவர் வெளியே போனார், வெளியே நின்ற கூட்டம் அந்த வழியாக உள்ளே வந்தது. அந்தத் தகப்பனை யார் குறை சொல்ல முடியும்? வெளியேற ஒரு வழி, ஒரு காவலர், ஒரு கணக்கு இருந்திருந்தால் அவர் ஏன் பூட்டில் கை வைக்கிறார்? 33 பேர் இறந்தார்கள். உடல்களை ஓரத்தில் கிடத்தி மூடிவிட்டு, மரத்தூளால் புதிய எல்லைக்கோடு போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். எதிரணி இதையும் அந்தப் பொற்காலத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

போல்டன் விபத்தை விசாரித்த அறிக்கை அப்போதே சொன்னது: இடத்தை அளந்து கொள்ளளவை முடிவு செய், எல்லா டர்ன்ஸ்டைல் எண்ணிக்கையையும் ஓரிடத்தில் உடனுக்குடன் கூட்டு. மைதானப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது எப்போது? 1975-ல். நடுவே 1971 ஜனவரி 2, கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானத்தின் 13-ஆம் படிக்கட்டில் 66 பேர் சாக வேண்டியிருந்தது. அதே படிக்கட்டில் 1961-லேயே இருவர் இறந்திருந்தார்கள். கடைசி நிமிட கோல் சத்தம் கேட்டு இறங்கியவர்கள் திரும்பி ஏறியதால்தான் விபத்து என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. விசாரணை அதை ஏற்கவில்லை. எல்லாரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். ரசிகன்மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

இப்போது இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானம். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும், நடுவர் அவர்களே, ஏனென்றால் இங்கே கருவி இருந்தது, காவலர் இருந்தார்கள், கணினித் திரைகூட இருந்தது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு. லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க லிவர்பூல் ரசிகர்களுக்கு 10,100 டிக்கெட். அத்தனை பேருக்கும் டர்ன்ஸ்டைல் எத்தனை? ஏழு. ஒரு டர்ன்ஸ்டைல் வழியே மணிக்கு 660 பேர் என்று இன்றைய கையேடு கணக்கிடச் சொல்கிறது. ஏழுக்கு 4,620. 10,100 பேர் நுழைய ஒரு தடங்கலும் இல்லாமலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் 3 மணிக்கு. இரண்டரைக்கு வாசலில் மூச்சு முட்டியதில் வியப்பென்ன?

வெளியே ஆள் செத்துவிடுவார்கள் என்று பயந்து 2:52-க்கு, ஆட்கள் வெளியேறுவதற்கான ‘சி’ கதவைத் திறந்தார்கள். டர்ன்ஸ்டைல் கிடையாது, எண்ணி கிடையாது. சில நிமிடங்களில் 2,000 பேர் அளவில் உள்ளே போனார்கள். எதிரே கண்ணில் பட்டது ஒரே ஒரு சுரங்கப் பாதை. ஆறடிக்கு ஓரடி இறங்கும் செங்குத்தான சரிவு. அது கொண்டுபோய் விட்டது நடுவிலிருந்த 3, 4-ஆம் கூண்டுகளில். கூண்டு என்று நான் சும்மா சொல்லவில்லை. இரு பக்கமும் கம்பி, முன்னால் உயர்ந்த வேலி, அதில் குறுகலான பூட்டிய கதவு. அந்த இரண்டு கூண்டுகளின் கொள்ளளவு 2,200 என்று எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது 1,693-க்குத்தான் இடம். அன்று உள்ளே இருந்தவர்கள் 3,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். ஓரக் கூண்டுகளில் தாராளமாக இடம் இருந்தது.

எண்ணும் கருவி என்ன செய்தது? ஏழு டர்ன்ஸ்டைலின் கூட்டுத்தொகையைக் காட்டியது. மேடை முழுவதற்கும் ஒரே எண். எந்தக் கூண்டில் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. ‘சி’ கதவு திறந்த பிறகு அந்த மொத்த எண்ணும் செல்லாக் காசு. கூண்டு தானாக நிரம்பிச் சமன் ஆகிக்கொள்ளும், ரசிகன் இடம் பார்த்து நின்றுகொள்வான் என்று விட்டுவிட்டார்கள். முந்தைய ஆண்டு இதே மைதானத்தில் நடந்த அரையிறுதியில் கூண்டுகள் நிரம்பியதும் சுரங்கப் பாதையின் வாயை மறித்தார்கள். இந்த ஆண்டு மறிக்க அங்கே ஆள் இல்லை. அந்தச் சாவு எண்ணிக்கை இன்று 97. மகனையும் மகளையும் பறிகொடுத்த பெற்றோர், ‘குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம்’ என்ற பொய்யோடு 27 ஆண்டுகள் போராடி, சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பை 2016-ல்தான் பெற்றார்கள்.

வேலியே இல்லாத மைதானமும் இருந்ததே என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். இருந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, 1985 மே 11, தீ விபத்து. அங்கே முன்னால் வேலி இல்லாததால் பல உயிர்கள் புல்தரையில் குதித்துப் பிழைத்தன. ஒப்புக்கொள்கிறேன், என் வாதத்துக்கே அது சாட்சி. ஆனால் அந்த மர மேடையின் அடியில் என்ன இருந்தது தெரியுமா? பலகை இடுக்கு வழியே விழுந்த குப்பை, வருடக்கணக்காக. 1968-ஆம் ஆண்டு நாளிதழ் ஒன்று அதில் கிடைத்தது. சிகரெட் துண்டு விழுந்தால் பற்றும் என்று கடிதம் முந்தைய ஆண்டே வந்திருந்தது. தீ பிடித்து நான்கு நிமிடத்துக்குள் மேடை முழுக்க எரிந்தது. வந்த வழியே போகலாம் என்று பின்பக்கம் ஓடியவர்களுக்கு டர்ன்ஸ்டைல் பூட்டிக் கிடந்தது. தீயணைப்பான்கள் மேடையில் இல்லை, ரசிகர்கள் நாசம் செய்வார்கள் என்று எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தார்கள். 56 பேர். குப்பையை வார ஆள் போடாதவர்கள் பூட்டுக்குச் சாவி போட மறக்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே மேடையில் கலந்து உட்கார்ந்தார்கள், இடையில் தடுப்பில்லை. களத்தில் கைகலப்பு, மேடையில் கல்வீச்சு, படிக்கட்டில் நெரிசல். 16 பேர் வீடு திரும்பவில்லை.

‘இத்தனை கெடுபிடி இருந்தும் 2025 ஜூன் 4 அன்று நம் சின்னசாமி கிரிக்கெட் மைதான வாசலில் 11 பேர் போனார்களே’ என்றும் கேட்டார்கள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு நாக்கு எழ மறுக்கிறது. கிரிக்கெட் என்று தள்ளிவிடவும் மாட்டேன். சுமார் 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு லட்சக்கணக்கில் வந்தார்கள். கதவும் கம்பும் இருந்தன. வாசலை அடைவதற்கு முன்பே, தெருவிலேயே கூட்டத்தை நிறுத்தி எண்ணி அனுப்பும் ஏற்பாடு இல்லை. இது எங்கள் கட்சிக்கான உதாரணம், நடுவர் அவர்களே. பையைச் சோதிப்பது வேறு, தலையை எண்ணுவது வேறு.

நின்று பார்க்கும் இன்பம் போய்விட்டதே என்று வருந்துகிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் போகவில்லை. 2022 முதல் இங்கிலாந்தின் மேல்நிலைப் பிரிவு அணிகளின் மைதானங்களில் நின்று பார்க்க மீண்டும் அனுமதி தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரக் கம்பி, ஒரு டிக்கெட்டுக்கு ஓர் இடம். பாட்டும் கொடியும் திரும்பிவிட்டன. டிக்கெட் விலை ஏறியது உண்மை. ஏழைக்கு இடம் வேண்டுமென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். பூட்டிய கதவைக் கால் மணி நேரம் முன்பு திறந்ததை ஏழைக்குச் செய்த தர்மம் என்று சொல்லாதீர்கள்.

நம் பேட்டைப் போட்டிகளுக்கு வருகிறேன். கம்பும் பலகையும் கட்டிய தற்காலிக கேலரிதான் நமக்கு. மலப்புறம் மாவட்டத்தில் 2022 மார்ச்சில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் அப்படி ஒரு கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். நீங்கள் 5,000 பேரை ஏற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடத்தில் காலி ஆக வேண்டும், அப்படியானால் நிமிடத்துக்கு 625 பேர். ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம். ஆக 9.5 மீட்டர் அகலப் படி வேண்டும், 1.2 மீட்டர் படிகளாகக் கட்டினால் எட்டு. இரண்டு படி மட்டும் கட்ட முடியுமென்றால் ஏற்ற வேண்டியவர்கள் சுமார் 1,250. பந்தல்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட வேண்டும், டிக்கெட் அச்சடித்த பிறகு அல்ல. கேலரிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஓர் எண்ணி, நிரம்பியதும் அந்த வாசலை மறிக்க அதிகாரம் உள்ள ஒருவர். வெளியேறும் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சாவி அதே கதவருகே நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணி பதில் சொல்ல வரும்போது ஒன்றை மட்டும் சொல்லட்டும்: அன்று 2:52-க்கு, 3, 4-ஆம் கூண்டுகளில் எத்தனை பேர் என்று அந்த மைதானத்தில் யாரைக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்? நன்றி, வணக்கம்.