ஐந்தாவது ஆள்: அலமோசாவில் ஜோ விஹில் கட்டிய ஓட்டப்படை

[திரை: புல்வெளி. முடிவுக்கோடு. ஒரே நிற பனியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.]

1992. அமெரிக்கக் கல்லூரிகளின் டிவிஷன் 2 (இரண்டாம் நிலைப் பிரிவு) கிராஸ் கன்ட்ரி (புல்லிலும் மண்ணிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) தேசியப் போட்டி, ஆண்கள் பிரிவு. முதலில் கோட்டைத் தாண்டுபவர் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி. இரண்டாவதும் ஆடம்ஸ் ஸ்டேட். மூன்று, நான்கு, ஐந்து என மூவரும் அதே பனியன். அவர்களுக்குப் பிறகுதான் வேறு கல்லூரி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கிராஸ் கன்ட்ரியில் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்குத்தான் கோப்பை. ஆறாவது, ஏழாவது ஆளுக்குப் புள்ளி இல்லை. ஆனால் எதிரணிக்காரர் ஒருவரை முந்திவிட்டால் அவருடைய இடம் ஒன்று பின்னால் போகும்.

[திரை: இரண்டு வரிசை எண்கள்.]

ஓர் அணியில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடங்கள்: 1, 2, 40, 55, 70. கூட்டினால் 168. இன்னோர் அணியில் நட்சத்திரமே கிடையாது: 18, 20, 24, 27, 31. கூட்டினால் 120. ஜெயிப்பது இரண்டாவது அணி. முன்னால் பத்து விநாடி மிச்சம் பிடித்தால் ஓர் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நடுக்கூட்டத்தில் அதே பத்து விநாடிக்குள் பத்து, பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். கிராஸ் கன்ட்ரி கோச் ஒருவர் ராத்திரி தூக்கமில்லாமல் யோசிப்பது தன் ஐந்தாவது ஆளைப் பற்றித்தான்.

1+2+3+4+5 = 15. இதற்குக் கீழே ஒரு ஸ்கோர் இருக்கவே முடியாது. தேசியப் போட்டியில் அதை எடுத்த அணியின் பயிற்சியாளர் ஜோ விஹில்.

[திரை: வரைபடம். கொலராடோவின் தென்பகுதி, சான் லூயிஸ் பள்ளத்தாக்கு.]

ஆடம்ஸ் ஸ்டேட் இருக்கும் அலமோசா சின்ன ஊர். ரியோ கிராண்டே ஆறு ஊரைத் தொட்டுப் போகிறது. சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல், அதற்கு அப்பால் இருபுறமும் மலை. பள்ளத்தாக்கு என்றாலும் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊட்டியின் உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை. ஜனவரி இரவில் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம்.

விஹில் 1929-ல் பிறந்தவர். அந்தப் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்து, ஆடம்ஸ் ஸ்டேட்டிலேயே படித்து, அலமோசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். 1965-ல் கல்லூரி அணியைக் கையில் எடுத்தார். 1993 வரை 28 வருடம் அங்கேயே இருந்தார். அந்தக் காலத்தில் 19 தேசிய அணிப் பட்டங்கள், 87 தனிநபர் தேசிய சாம்பியன்கள், 425 ஆல்-அமெரிக்கன் தகுதிகள் (தேசியப் போட்டியில் முன்னணியில் வருபவர்களுக்கான கௌரவம்). நடுவே உடற்பயிற்சி உடலியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். காலையில் வகுப்பில் ரத்தமும் ஆக்சிஜனும் பாடம், மாலையில் அதே பாடம் டிராக்கில். அவருடைய பலம் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

முதல் கேள்வி: ஆள் எங்கே கிடைப்பார்கள்?

பள்ளியிலேயே பெரிய டைமிங் ஓடிய பையனைப் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். டிவிஷன் 2-ல் ஆண்கள் கிராஸ் கன்ட்ரிக்கும் தடகளத்துக்கும் சேர்த்து உதவித்தொகையின் உச்சவரம்பு 12.6. அதாவது பன்னிரண்டரை பேருடைய முழுச் செலவுக்குச் சமமான தொகை. அதை ஸ்பிரின்ட், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், நெடுந்தூரம் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும். ஒரு பையனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று கணக்குப் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

அதனால் சிறு கல்லூரி கோச் டைமிங்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார். அந்த டைமிங்கை எத்தனை கிலோமீட்டர் பயிற்சியில் ஓடினான் என்று கேட்க வேண்டும். வாரத்துக்கு 110 கிலோமீட்டர் ஓடி 4 நிமிடம் 20 விநாடிக்கு மைல் முடித்தவனையும், 45 கிலோமீட்டர் மட்டும் ஓடி 4:32 எடுத்தவனையும் பக்கத்தில் நிறுத்தினால், நான்கு வருடத்துக்கு இரண்டாமவன்தான் ஆள். அவன் இன்னும் வளர இடம் இருக்கிறது. கடைசி இரண்டு வருடத்தில் எவ்வளவு முன்னேறினான், எத்தனை தடவை எலும்புக் காயம், வீட்டை விட்டு இப்படி ஒரு குளிர்ப் பாலையில் நான்கு வருடம் இருப்பானா, படிப்பில் தேறுவானா, இவையும் அதே அளவு முக்கியம். படிப்பில் தோற்றவன் அணியில் நிற்க முடியாது.

உதாரணம் பேட் போர்ட்டர். அவர் பெரிய பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு கிடையாது. ஆடம்ஸ் ஸ்டேட்டில் விஹிலிடம் ஓடியவர். 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு வருடம் அமெரிக்க தேசிய கிராஸ் கன்ட்ரி சாம்பியன். 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் 10,000 மீட்டர் ஓடினார்.

[திரை: நான்கு ஆண்டுகளின் பட்டை வரைபடம், வாராந்திரக் கிலோமீட்டர்.]

ஆள் வந்துவிட்டான். இனி முக்கியமான வேலை, அவனை உடைக்காமல் வைத்திருப்பது.

கல்லூரி ஆண்களுக்குப் பயிற்சியாளர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு இது. பள்ளியில் வாரம் 60-70 கிலோமீட்டர் ஓடியவன் முதலாண்டில் 90 வரை. இரண்டாம் ஆண்டு 105-110. மூன்றாம் ஆண்டு 120-130. நான்காம் ஆண்டு, உடம்பு தாங்கினால், 140-ம் அதற்கு மேலும். ஆண்டுக்கு ஒரு படிதான். ஒரே ஓட்டம் வாரக் கணக்கில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 90 கிலோமீட்டர் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் 20-22 போதும்.

வாரத்தின் உருவம் எளிமையானது. செவ்வாய் இன்டர்வெல் (இடையிடையே ஓய்வோடு வேக ஓட்டம்): 1,000 மீட்டரோ மைலோ, ஐந்து அல்லது ஆறு தடவை. வெள்ளி டெம்போ: 25-30 நிமிடம், இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாத, ஆனால் மூச்சு வாங்கித் திணறாத வேகம். ஞாயிறு லாங் ரன். மற்ற நாள்களில் ஈஸி ரன், அதன் முடிவில் 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (இறுக்கமில்லாத குட்டி வேக ஓட்டம்) ஆறோ எட்டோ.

கோளாறு எங்கே வருகிறது? இன்டர்வெல்லில் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் ஈஸி ரன்னில்தான் வருகிறது. நான்காம் ஆண்டுக்காரனின் ஈஸி வேகம் கிலோமீட்டருக்கு 4 நிமிடம். முதலாண்டுப் பையனுக்கு அது கிட்டத்தட்ட டெம்போ. அண்ணன்மார் கூட ஓடுவதே பெருமை என்று தினமும் ஒட்டிக்கொண்டு ஓடுவான். செப்டம்பரில் பிரமாதமாக இருப்பான். அக்டோபர் நடுவில் முழங்காலுக்குக் கீழே வலி ஆரம்பிக்கும்.

[திரை: முன்காலின் நெருக்கக் காட்சி. ஒரு விரல் எலும்பின் மேல் நகர்கிறது.]

இந்த இடத்தில் கோச் கையால் பார்க்க வேண்டும். முன்கால் எலும்பின் உள்விளிம்பில் விரல் நுனியால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது அதிக ஓட்டத்தால் வரும் முன்கால் வலி. ஓட்டத்தைக் குறைத்து, மண் தரைக்கு மாற்றினால் அடங்கும். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் துடித்து எழுந்தால், அதோடு ஒற்றைக்காலில் குதிக்கும்போது அதே புள்ளி சுரீரென்றால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா (எலும்பில் நுண்விரிசலா) என்று சந்தேகப்பட்டு அன்றே ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும், எம்ஆர்ஐ காட்டும். "எக்ஸ்ரே நார்மல்" என்று மறுபடி ஓட விட்டதால் ஆறு வாரக் காயம் ஆறு மாதமாக இழுத்த கதை இந்தத் தொழிலில் ஏராளம்.

ரெட்ஷர்ட் விதி இதற்காகவே கைகொடுக்கிறது. டிவிஷன் 2-ல் பத்து செமஸ்டருக்குள் நான்கு சீசன் ஓடலாம். முதலாண்டுக்காரனை ஒரு சீசன் போட்டிக்கு இறக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்து வைத்தால், அவனுக்கு ஐந்தாவது வருடத்திலும் ஓட உரிமை இருக்கும். அவசரப்பட்டு இறக்கினால் அது போய்விடும்.

[திரை: மலை. காற்றழுத்தமானி.]

இப்போது உயரம். அலமோசாவில் இருந்ததால்தான் ஜெயித்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். உயரம் கொடுப்பதற்கு முன்னால் பிடுங்குகிறது. எதைப் பிடுங்குகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தள்ளும் விசை குறைகிறது. ஓரிரு நாளில் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. எலும்பு மஜ்ஜை அதிகச் சிவப்பணு தயாரிக்கத் தொடங்குகிறது. பலன் கணக்கில் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், தூக்கம் கெடும், தாகம் தெரியாமலே உடம்பு காயும். புதிதாக வந்த பையனுக்கு முதல் பத்து நாள் ஈஸி ரன் மட்டும், அதுவும் ஊரில் ஓடியதைவிட மெதுவாக.

சிவப்பணு செய்ய இரும்புச்சத்து வேண்டும். கிடங்கு காலியாக இருந்தால் ஹார்மோன் எவ்வளவு கூவினாலும் சரக்கு வராது. அதனால் சீசனுக்கு முன்பும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புக் கிடங்கின் அளவைக் காட்டும் புரதம்) பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 30-35 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் உயரப் பயிற்சி அவருக்கு வீண். பெண் ஓட்டக்காரர்களிடம் இது அடிக்கடி வரும். மாத்திரையை டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அளவு மீறிய இரும்பும் கெடுதல்தான். மாத்திரையோடு காபி, டீ வேண்டாம், உறிஞ்சுதலைத் தடுக்கும்.

அடுத்தது வேகம். 2,300 மீட்டர் உயரத்தில் 5,000 மீட்டர் ஓட்டம் அரை நிமிடத்துக்கும் மேல் மெதுவாகும். தகுதிப் பட்டியல் போடும்போது கல்லூரி விளையாட்டு அமைப்பே உயரத்துக்குத் தனியாக நேரம் கழித்துக் கொடுக்கிறது. கீழே ஓடும் வேகத்தில் அங்கே மைல் இன்டர்வெல் ஓடச் சொன்னால் இரண்டாவதிலேயே பையன் மடங்கிவிடுவான். மெதுவாக ஓட விட்டாலோ போட்டி வேகமே காலுக்கு மறந்துபோகும். வழி: நீண்ட இன்டர்வெல்லை உயரத்துக்கு ஏற்ற மெதுவான வேகத்தில் ஓட வைத்து, தனியாக ஒரு நாள் 200, 300 மீட்டரைப் போட்டி வேகத்தில், நீண்ட ஓய்வோடு ஓட வைப்பது. மூச்சு தோற்பதற்கு முன் தூரம் முடிந்துவிடும், கால் தன் தாளத்தை மறக்காது.

1968-ல் மெக்ஸிகோ சிட்டி ஒலிம்பிக். உயரம் 2,240 மீட்டர். அதே மாதிரி உயரத்தில் அமெரிக்க மாரத்தான் தேர்வு ஓட்டத்தை நடத்த வேண்டும் என்று அதை அலமோசாவுக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் விஹிலும் ஒருவர். ஆகஸ்ட் 18 அன்று அந்தச் சின்ன ஊரின் தெருக்களில் ஓட்டம் நடந்தது. ஜார்ஜ் யங், கென்னி மூர், ரான் டாஸ் மூவரும் தேர்வானார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் விஹில் நிறுத்தவில்லை. அர்கன்சா பல்கலைக்கழகம் முடித்து வந்த டீனா டிராசின், பிற்பாடு டீனா காஸ்டர், முதலில் அலமோசாவிலும் பிறகு கலிபோர்னியாவின் மாமத் லேக்ஸிலும் அவரிடம் பயின்றார். 2004 ஏதென்ஸ் மாரத்தான், கொளுத்தும் வெயில். தொடக்கத்தில் முன்கூட்டத்தை விட்டுக்கொடுத்துப் பின்னால் ஓடி, ஒவ்வொருவராக முந்தி, 2:27:20-ல் வெண்கலம் வாங்கினார்.

கல்லூரி அணியை விஹிலிடமே ஓடிய டேமன் மார்ட்டின் தொடர்ந்து நடத்தினார். கோச் மாறினார், முறை மாறவில்லை. தேசியப் பட்டங்கள் தொடர்ந்து வந்தன. விஹில் 2025-ல், 95 வயதில் காலமானார்.

[திரை: பேருந்து, அதிகாலை.]

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி: மலையிலிருந்து எப்போது இறங்குவது? இறங்கிய முதல் இரண்டு நாள் பெரும்பாலோர் நன்றாக ஓடுவார்கள். அதன் பிறகு ஒரு வாரம், பத்து நாள் கால் கனக்கும், மூச்சு ஒத்துழைக்காது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தெளியும். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால் ஒவ்வொருவருடைய நோட்டிலும் பழைய போட்டிகளை எழுதி வைக்க வேண்டும். மூன்று வாரம் வகுப்பை விட்டு வெளியூரில் தங்க மாணவர்களால் முடியாது. அதனால் நவம்பர் தேசியப் போட்டி சனிக்கிழமை என்றால் வியாழனில் கிளம்புவதே வழி. அன்று மாலை மைதானத்தை மெதுவாக ஒரு சுற்று, வெள்ளி 25 நிமிடம் ஈஸி, நான்கு ஸ்ட்ரைட்ஸ். வண்டியில் ஏழு பேருக்குத்தான் இடம். ஏழாவது இடத்துக்கு யார் என்பது அநேகமாகப் புதன்கிழமை காலை வரை முடிவாகியிருக்காது.